புல்லின் விளைவும் நிலைபேறும்

உப்பும் மீனும் சங்கும் முத்தும் பேசப்படுகின்ற கடற்கரையிலே புல்லைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தது எற்றுக்கு என அன்பர்கள் வினவக்கூடும். அதிலும் தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கராகிய யாம் உழவர் துறையில் நுழைவது சிலர்க்கு வியப்பாகவும் தோன்றலாம். வியத்தற்கு யாதும் இல்லை. புல் இன்னது, மரம் இன்னது என்று தமிழர்க்கு வரையறுத்துக் காட்டியவர் தொல்காப்பியரே ஆவர். புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். இவ்வாறு அவர் மரபியலுள் பாகுபாடு செய்திருக்கின்றார். அவ்வரையறையின்படி தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தனவே. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளிலே தலைமுறை பல கண்டு நிற்கின்ற பனையும் புல்லே. அங்ஙனமாயின், புல்லை விலக்கிவிட்டு இக்கரையைப் பற்றிப் பேசுதல் யாங்ஙனம் இயலும்?

வேறொரு காரணமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வணிகர், தாமிரபரணியின் கழிமுகத்தில் விளங்கிய காயல் துறைமுகத்தைக் கண்டு எழுதி வைத்துள்ளார். பாண்டியர் ஆட்சியில் ஓர்முசு முதலிய மேலை நாட்டுத் துறைகளிலிருந்து குதிரைகள் கப்பலேறி வந்து அங்கே இறங்கின. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அக்குதிரைகள் இங்கே நெடுநாள் வாழவில்லை என்றும், சோறும் சமைத்த இறைச்சியும் அவற்றுக்குத் தீனியாக இடப்பட்டமையே அதற்குக் காரணம் என்றும் அவர் குறித்திருக்கின்றார். அயல்நாட்டார் கூற்றில் சிறிது மிகை இருக்கலாம். எனினும் ஒன்று தெளிவு. விலங்கை வாங்குவதற்குப் பொன் போதும். அதனை வாழ்விப்பதற்குப் புல் வேண்டும். இவ்வுண்மை அன்றைய அரசர்க்கு எத்துணைப் பொருந்திற்றோ, அத்துணையே இன்று இரண்டு ஆடும் ஒரு பசுவும் வைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பத்திற்கும் பொருந்தும்.

எப்புல்லை வளர்ப்பது நன்று? ஒரே ஆண்டில் குவியல் குவியலாகத் தீவனம் தரும் கலப்பினப் புல்லா? சிறிதே தந்தாலும் பல்லாண்டு நிலத்தை விட்டு நீங்காத நாட்டுப் புல்லா? முன்னதன் சிறப்பு விளைவு எனப்படும். பின்னதன் சிறப்பை நிலைபேறு எனலாம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் மழையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் நிலம் ஒருதன்மைத்தன்று. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் கரிசல் பரந்து கிடக்கின்றது. தெற்கே செம்மணற்றேரிகள் உள்ளன. ஸ்ரீவைகுண்டம், மருதூர் அணைக்கட்டுகளின் கால்வாய் பாயும் இடங்களில் நெல்லும் வாழையும் விளைகின்றன. கடலோரத்தில் உப்பளங்களும், உவர் ஏறிய கிணறுகளும் காணப்படுகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் உதவியால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே பெய்து ஓய்ந்துவிடுகின்றது. எஞ்சிய திங்கள்களில் வெயிலும் காற்றுமே மிகுதி.

இத்தகைய வறள் நிலத்திற்கேற்ற கால்நடை இனங்கள் இங்கே தோன்றியிருக்கின்றன. சிற்றூராகிய வேம்பூரின் பெயரையே தாங்கிய வேம்பூர்ச் செம்மறியாடும், கீழக்கரிசல் ஆடும், கன்னியாடும், கொடியாடும் இம்மாவட்டத்திற்கும் இதனை அடுத்த பகுதிகளுக்கும் உரியன. இவை கிடைத்ததைத் தின்று நெடுந்தொலைவு நடக்க வல்லவை. ஆயினும் பங்குனி முதல் ஆவணி வரை தீவனம் தேடி இவற்றை ஓட்டிச் செல்லும் இடையர் படும் பாடு சொல்லுந்தரமன்று. இவர்கள் இல்லங்களில் அடுப்பு எரிவதும் எரியாததும் புல்லைப் பொறுத்தே இருக்கின்றது. ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுப் பொழுதுபோக்கன்று.

கொழுக்கட்டைப் புல்

நாட்டுப் புல்லுக்கு எடுத்துக்காட்டாகக் கொழுக்கட்டைப் புல்லைக் கொள்வோம். பெயரைக் கேட்டுச் சிலர் நகைப்பர். ஆனால் கொங்கு நாட்டார் நகையார். காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சற்காடுகள் உள்ளன. கிளுவை வேலி சூழ, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்க, தரையெங்கும் கொழுக்கட்டைப் புல் படர்ந்திருப்பதே கொறங்காட்டின் இலக்கணம். மழையளவில் அந்நிலம் நம் நிலத்தினும் மிக்கதன்று. எனினும் புகழ்பெற்ற காங்கேயம் காளைகள் அப்புல்லை மேய்ந்தே வளர்ந்தன. ஒருமுறை அமைத்த காடு தந்தை காலத்திலும் மைந்தன் காலத்திலும் பயன்படுவது அங்கே இயல்பு.

இப்புல்லின் வலிமை மூன்று இடங்களில் அடங்கியுள்ளது. முதலாவது வேர்: மேல்மண் காய்ந்த பின்னும் ஆழத்து ஈரத்தைத் தேடி இறங்குவது. இரண்டாவது தூர்: தண்டின் அடிப்பகுதி பருத்து, உணவைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் போல இருப்பது. மேற்புறம் கருகிப் போயினும் அக்களஞ்சியம் இருக்கும் வரை புல் இறப்பதில்லை. முதல் மழையில் துளிர்த்துவிடும். மூன்றாவது விதை: பெரும்பான்மையும் மகரந்தச் சேர்க்கையின் உதவியின்றியே இப்புல் முளைக்கவல்ல விதையை ஈனுகின்றது. ஆதலால் மகள் புல் தாய்ப் புல்லின் நேர்ப்படியாகவே அமைகின்றது. புதிதாக உதிர்ந்த விதை உடனே முளையாது. சில திங்கள் உறங்கிக் கிடந்து பின்னரே எழும். காலமல்லாத காலத்து ஒரு சிறு தூறலை நம்பி முளைத்து மடியாமல் இருக்க இவ்வுறக்கம் காவலாகின்றது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கனத்த களிமண்ணிலும் நீர் தேங்கும் இடத்திலும் இது செழிப்பதில்லை. இளகிய மண்ணையே விரும்பும். விதைத்த முதலாண்டில் மெல்லவே வேரூன்றும். அவ்வாண்டு விதை உதிரும் வரை ஆடு மாடுகளை உள்ளே விடாமல் காத்தல் வேண்டும். விளைவும் பெரிதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் கணக்கின்படி, நன்கு பேணிய நிலத்தில் ஆண்டுக்கு 4 முதல் 6 அறுப்புகளில் ஹெக்டேருக்கு 40 டன் பசுந்தீவனம் கிடைக்கும். வானத்தை மட்டும் நம்பிய காட்டில் அதனினும் குறையும்.

கம்பு நேப்பியர்க் கலப்பினம்

இனிக் கலப்பினத்தின் பிறப்பைக் காண்போம். ஆப்பிரிக்கக் கண்டத்தில் யானைப்புல் என்னும் நெடும்புல் ஒன்று உண்டு. அதனைத் தீவனமாகப் பயிரிடலாம் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொடீசியா நாட்டு வேளாண்மைத் துறையாரைத் தூண்டிய கர்னல் நேப்பியர் என்பவரின் பெயரால் அது நேப்பியர் புல் ஆயிற்று. அது பல்லாண்டுப் பயிர். மிகுந்த விளைவு தருவது. ஆயின் தண்டு விரைவில் முரடாகிவிடும். நமது கம்போ ஓராண்டுப் பயிர். தழை மென்மையும் சுவையும் உடையது. இவ்விரண்டையும் மணம் செய்வித்தால் இருவர் நலமும் ஒருவரிடம் அமையுமன்றோ? அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்னும் அறிஞர் இத்தகைய கலப்பினத்தைப் பற்றி 1944இல் எழுதி வெளியிட்டார். நம் நாட்டில் கோயம்புத்தூரில் 1953இல் இக்கலப்பு நிகழ்த்தப்பெற்றது. அதன் வழித்தோன்றல்கள் பல. 2008இல் வெளிவந்த கோ (சி.என்.) 4 என்னும் இரகம் இன்று தமிழ்நாட்டுக் கறவை மாட்டுத் தொழுவங்களில் நன்கு அறியப்பட்டது.

அதன் விளைவு வியக்கத்தக்கது. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பின்னர் 45 நாளுக்கு ஒருமுறை மறுதாம்பு அறுப்பு. ஓராண்டில் 7 அறுப்பு ஆகின்றது. ஹெக்டேருக்கு 380 முதல் 400 டன் வரை கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தாரின் கணக்கு. நீரும் எருவும் குறைவின்றி அளித்த நிலத்திற்கே இக்கணக்குப் பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

இக்கலப்பினத்திற்கு விதை இல்லை. கம்பின் உயிரணுவில் 14 குரோமோசோம்களும், நேப்பியர் புல்லின் உயிரணுவில் 28 குரோமோசோம்களும் உள்ளன. தந்தையும் தாயும் தத்தமக்குரியவற்றில் பாதியை அளிக்க, மகவுக்கு 7ம் 14ம் சேர்ந்து 21 ஆகின்றன. 21 என்பது இரண்டாகச் சமமாய்ப் பிரிக்க இயலாத ஒற்றைப்படை எண். ஆதலால் அப்புல் பூத்தாலும் முளைக்கும் விதை ஈனாது. கரும்பைப் போலக் கரணையை வெட்டி நட்டே இதனைப் பெருக்குதல் வேண்டும். ஹெக்டேருக்கு 33,333 கரணைகள் தேவை. சில ஆண்டுகள் கழித்துத் தூர் நலிந்தபின் அவற்றைக் களைந்துவிட்டு மீண்டும் நடவேண்டும்.

இவ்விடத்து ஓர் ஒற்றுமை நம் கருத்தைக் கவர்கின்றது. கொழுக்கட்டைப் புல்லும் தன் படியையே பெறுகின்றது. கலப்பினமும் தன் படியாகவே பெருகுகின்றது. முன்னது தன் விதையால் தானே அதனைச் செய்துகொள்கின்றது. பின்னதற்கு மனிதன் கை வேண்டும். ஒன்றின் நிலைபேறு புல்லுக்குள்ளேயே இருக்கின்றது. மற்றதன் நிலைபேறு உழவனது முயற்சியில் இருக்கின்றது.

கணக்கிட்டுப் பார்த்தல்

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். 10 சென்ட் நிலத்தில் கலப்பினம் நட்டால், முழு விளைவு கிடைக்கும் ஆண்டில் ஏறத்தாழ 16 டன் தீவனம் வரும். அஃது நாளொன்றுக்கு 44 கிலோ ஆகின்றது. கறவை மாடு ஒன்றுக்கு நாள்தோறும் 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும் என வைத்துக்கொண்டால், ஒரு பசுவும் ஒரு கன்றும் அதனால் வயிறு நிறையும். அதே 16 டன்னைக் கொழுக்கட்டைப் புல்லிலிருந்து பெற ஓர் ஏக்கர் வேண்டும். ஒன்றுக்குப் பத்து! ஓர் ஏக்கர் இல்லாத ஏழைக்கு, ஆனால் வீட்டின் பின்புறம் 10 சென்ட் உடையவர்க்கு, கலப்பினம் பெரும்பேறு என்பதை மறுப்பவர் யார்?

இனி நீர்க்கணக்கைப் பார்ப்போம். கலப்பினத்திற்குப் பத்து நாளுக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச வேண்டும். ஒரு பாய்ச்சலுக்கு 5 சென்டிமீட்டர் நீர் எனக் கொள்வோம். 10 சென்ட் நிலத்திற்கு அஃது ஏறத்தாழ 20,000 லிட்டர். மழையற்ற ஒன்பது திங்களில் 27 பாய்ச்சல். ஆக 5,40,000 லிட்டர். அந்நிலத்தில் விழும் மழைநீரையும் சேர்த்தால் ஆண்டுக்கு 8 இலட்சம் லிட்டர் ஆகும். ஓர் ஏக்கர் கொழுக்கட்டைக் காட்டின் மீது பெய்யும் மழையோ ஆண்டுக்கு 26 இலட்சம் லிட்டர். அப்படியானால் நீரை மிகுதியாகச் செலவிடுவது எது? மொத்தத்தைப் பார்த்தால் ஒரு கிலோ தீவனத்திற்குக் கலப்பினமே குறைந்த நீரைக் கொள்கின்றது. ஆதலின் கலப்பினம் நீரை விழுங்கும் பூதம் எனப் பழித்தல் முறையன்று. வேற்றுமை நீரின் அளவில் இல்லை. நீர் வரும் வழியில் உள்ளது. ஒன்று வானம் தானே ஊற்றுவது. மற்றொன்று கிணற்றிலிருந்து எடுக்கப்படுவது. வானம் கடன் கேட்பதில்லை. கிணறு ஒரு நாள் கேட்கும்.

கடலோரத்தில் அந்நாள் விரைவில் வந்துவிடுகின்றது. கிணற்றிலிருந்து நன்னீரை அளவின்றி இறைக்க இறைக்க, கடல்நீர் நிலத்தடியே உட்புகுந்து ஊற்றை உவராக்குகின்றது. உவர்நீர் பாய்ந்த கலப்பினம் நலியும். மழை பொய்த்து, கிணறும் வற்றினால், அறுத்த கட்டை துளிர்க்காமல் காய்ந்துவிடும். மறுமழைக்கு மீண்டும் 10 சென்டிற்கு 1,350 கரணை வாங்கி நட்டு, 75 நாள் காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு விளைவைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் அப்பொழுதும் கலப்பினமே முன்னிற்கலாம். ஆயினும் ஆடு மாடுகள் சராசரியைத் தின்று உயிர்வாழ்வதில்லை. தீவனமற்ற இரண்டு திங்களில் விற்றுவிட்ட பசு, பின்வரும் பத்துத் திங்களின் செழிப்பைக் காண மீண்டு வருமோ?

அக்காலத்துக் கொழுக்கட்டைப் புல்லும் பசுமையாய் இராது என்பதையும் உடன் கூறுதலே நேர்மை. அது காய்ந்து வைக்கோலாய் நிற்கும். ஆடுகள் அதனையே கடித்துத் திங்களைக் கடத்தும். வேறுபாடு என்னவெனில், மழை வந்ததும் அது எவரையும் எதிர்பாராமல் எழுந்துவிடும் என்பதே.

முரண் எங்கிருந்து பிறக்கின்றது?

விளைவும் நிலைபேறும் ஒன்றற்கொன்று பகையாய்த் தோன்றுவது ஏன்? புல்லின் இலை, வெயிலைக் கொண்டு சர்க்கரையைச் சமைக்கின்றது. அச்சர்க்கரையில் ஒரு பகுதி புதிய இலையாகவும் தண்டாகவும் மேலே செல்கின்றது; எஞ்சியது வேருக்கும் தூருக்கும் சேமிப்பாகக் கீழே இறங்குகின்றது. நாம் அறுத்துக்கொள்வது மேலே சென்றதை. புல் தனக்கென வைத்துக்கொள்வது கீழே இறங்கியதை. மேலே மிகுதியாக அனுப்பும் புல் நமக்கு நல்ல விளைவு தரும். கீழே மிகுதியாக வைக்கும் புல் தனக்கு நீண்ட வாழ்வு தேடிக்கொள்ளும். ஒரே வருவாயைச் செலவுக்கும் சேமிப்புக்கும் பங்கிடும் குடும்பத்தானின் நிலையே புல்லின் நிலையும். 45 நாள் இடைவெளி என்பது கலப்பினம் தன் சேமிப்பை மீட்டுக்கொள்ளத் தரும் தவணை. ஆசையால் 25 நாளிலேயே அறுப்பவன், ஓர் அறுப்பைக் கூடப் பெற்றுத் தூரையே இழப்பான்.

இவ்வுண்மையைப் பிற நாட்டாரும் தம் வழியில் கண்டறிந்தனர். வேல்சு நாட்டு அபெரிஸ்ட்வித்தில் 1919இல் ஏற்பட்ட பயிர்ப்பெருக்க நிலையத்தின் முதல் தலைவராகிய ஸ்டேபிள்டன், வணிகர் விற்ற புல்விதையையும் பழைய மேய்ச்சல் நிலத்திலிருந்து திரட்டிய விதையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கடை விதையிலிருந்து எழுந்த புல் விரைவில் உயர்ந்து தண்டும் கதிருமாகி நிலத்தை விட்டு நீங்கிற்று. பழைய நிலத்துப் புல்லோ, இலை மிக்கதாய்த் தாழ்ந்து படர்ந்து நிலைத்தது. காரணம் யாதெனின், வணிகர் விதை திரட்டும்பொழுது மிகுதியாக விதை ஈனும் செடிகளே அவர் கைக்கு மிகுதியாக வந்தன. பல தலைமுறை ஆடு மாடுகள் மேய்ந்த நிலத்திலோ, மேய்ச்சலைத் தாங்கிய செடிகளே எஞ்சின. எதனைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே பெருகும். எடையை மட்டும் நோக்கித் தேர்ந்தால் எடை வரும். நிலைபேறு தானாக உடன் வாராது.

இதனால் கலப்பினம் எல்லாம் குறுவாழ்வினது என முடிவு கட்டிவிடுதல் தவறு. முன்னர்க் கூறிய பர்ட்டன் என்பவரே அறுகம்புல்லையும் கலந்து ஆராய்ந்தார். அமெரிக்காவில் கண்டெடுத்த அறுகு ஒன்றையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து தருவித்த அறுகையும் கலந்து அவர் தேர்ந்தெடுத்த கோஸ்டல் என்னும் புல் 1943இல் வெளிவந்தது. அதற்கும் பயன்படத்தக்க விதை இல்லை. வேர்க்கொடியைப் பிடுங்கி நட்டே பெருக்கினர். விளைவிலும் அது மேம்பட்டது. ஒருமுறை நட்ட வயல்கள் பல்லாண்டு நீடிக்கவும் செய்தன. அது கலப்பினமாயிருந்தும் நீடித்ததன் காரணம் பெற்றோரிடத்தே உள்ளது. கம்பு ஓராண்டில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் இயல்புடையது. அறுகோ இருபுறமும் நிலத்தை விடாப்பிடியாய்ப் பற்றும் குலத்தது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடுக என மணமக்களை வாழ்த்தும் நம் முன்னோர், விளைவையும் நிலைபேற்றையும் ஒருங்கே வேண்டினர் போலும்! கலத்தல் குற்றமன்று, எதனை எதனோடு, எந்நோக்கத்தோடு கலக்கிறோம் என்பதே கருதத்தக்கது.

நிலைபேறு மிகுதலால் வரும் தீங்கு

நிலைபேற்றை அளவின்றிப் புகழ்தலும் ஆகாது. நாம் போற்றும் இக்கொழுக்கட்டைப் புல்லே ஆஸ்திரேலியாவில் பலரால் வெறுக்கப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பாலைக்குச் சென்ற ஒட்டகங்களின் சேணத்துள் அடைத்த புல்லோடு இதன் விதையும் சென்றது என்பர். பின்னர் மேய்ச்சலுக்கென விரும்பியும் விதைத்தனர். அது மேய்ச்சல் நிலத்தின் எல்லையைத் தாண்டி, அந்நாட்டுச் செடிகளை நெருக்கி, காட்டுத்தீக்கு விறகாகி நிற்கின்றது. மெக்சிக்கோவின் சொனோராவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே முறையீடு எழுந்துள்ளது. நாம் அயலாரை நோக்கித் தலையசைக்க வேண்டா. அயலிலிருந்து வந்து நம் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலே நமக்குப் பாடம். தன் நாட்டில் நிலைபேறு என்பது நற்குணம். பிற நாட்டில் அதுவே ஆக்கிரமிப்பு ஆகலாம். விதையற்ற கம்பு நேப்பியர்க் கலப்பினமோ இவ்வகையில் குற்றமற்றது. நட்ட இடத்தை விட்டு ஓடிப் பரவாது.

முத்துப்பார் தரும் பாடம்

இக்கரையினராகிய நமக்கு விளைவுக்கும் நிலைபேற்றுக்கும் உள்ள உறவை உணர்த்த வேறு நூல் வேண்டுவதில்லை. நம் கடலே போதும். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் சில ஆண்டுகளில் சிப்பியை வாரி வழங்கின. அதன்பின் பல்லாண்டு வெறிதே கிடந்தன. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. 1961க்குப் பின்னர் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. குளிப்பு நிகழ்ந்த ஓராண்டின் கணக்கை மட்டும் கண்டவர், இக்கடலைப் போன்ற செல்வம் எங்கும் இல்லை என எழுதியிருப்பர். அடுத்து வந்த வெற்றாண்டுகளையும் சேர்த்து எண்ணியவரே உண்மையை அறிவர். புல்லையும் அவ்வாறே எண்ணுதல் வேண்டும்.

எந்நிலத்திற்கு எப்புல்?

மேற்கூறியவற்றால் யாம் துணிவது இதுவே: எப்புல் சிறந்தது என்னும் வினாவுக்குத் தனித்து விடையில்லை. எந்நிலத்தில், எந்நீரால், எத்தனை ஆண்டுக்கு என மூன்றையும் உடன் சேர்த்தே வினவ வேண்டும்.

கால்வாய் நீரோ, வற்றாத நன்னீர்க் கிணறோ உள்ள இடத்தில், சிறுநிலம் உடையார்க்குக் கலப்பினமே ஏற்றது. ஆயின் அதனைத் தனியே தீவனமாக இடுதல் நன்றன்று. அதிலுள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் நட்டு, இரண்டையும் கலந்தே கொடுத்தல் வேண்டும். பயறு வகையைச் சேர்ந்த வேலிமசால் புரதத்தையும் மிகுவிக்கும்.

மழையை மட்டும் நம்பிய இளகிய செம்மண் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை முயல்மசாலோடு கலந்து விதைத்து, இடையே வெள்வேலத்தை வளர்த்தல் தகும். அங்கே கலப்பினத்தை நடுதல் வீண் செலவு. கரிசலில் மழைக்காலத்துச் சோளமும் அதன் தட்டையுமே தொன்றுதொட்டு வரும் துணை. சிறிது பாசன வசதி உள்ளவர்க்குச் சூடான் புல்லோடு சோளத்தைக் கலந்து பெற்ற கோ.எஃப்.எஸ். 29 என்னும் தீவனச் சோளம் இடைநிலையில் நிற்கின்றது. அது விதையால் விதைப்பது. பன்முறை மறுதாம்பு விடுவது. ஹெக்டேருக்கு ஆண்டில் 170 டன் வரை தருவது. ஆனால் சோளத்தின் இளந்தழையிலும், வறட்சியால் குன்றிய தழையிலும் நஞ்சுண்டு. பூக்கும் பருவத்திற்கு முன் அதனை மாட்டுக்கு இடலாகாது. இச்செய்தியை அறியாமையால் மாடு இழந்தோர் பலர்.

இவற்றுள் ஐயம் உடையார்க்கு வழிகாட்ட நம் மாவட்டத்திலேயே இரண்டு நிலையங்கள் உள்ளன. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களில் நெடுநாள் அனுபவம் உடையது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய வேளாண்மைக் கல்லூரி 1984 முதல் நடைபெற்று வருகின்றது. அங்குப் பெற்ற அறிவு ஆடு மேய்ப்பாரின் செவிக்கு எளிய தமிழில் எட்ட வேண்டும். அப்பணியில் தமிழ் கற்றார்க்கும் பங்குண்டு. கரணை என்றும் மறுதாம்பு என்றும் தூர் என்றும் உழவர் வழங்கும் சொற்கள் இருக்க, அறிவியல் உரைக்கத் தமிழில் சொல்லில்லை என்பது கற்றவர் கூற்றாகாது.

மாணவ நண்பர்காள்! ஒரு புல்லை மதிப்பிடுதற்கே ஓராண்டு போதாது. மழை பொய்த்த ஆண்டு ஒன்றேனும் கழிந்த பின்னரே அதன் தன்மை விளங்கும். நாம் ஊருக்குச் செல்லும் விடுமுறையில், தந்தையார் தோட்டத்திலோ அயலார் காட்டிலோ நிற்கும் புல்லைச் சற்று நின்று நோக்குவோமாக. எவ்வளவு அறுத்தீர் என்று மட்டும் கேளாமல், எத்தனை ஆண்டாய் நிற்கின்றது, கோடையில் என்ன ஆயிற்று, எந்நீர் பாய்கின்றது எனவும் கேட்போமாக. விடை கூறும் உழவரும் இடையரும் நமக்கு ஆசிரியர் ஆவர். அவ்விடைகளைக் குறித்து வைத்தால், இம்மாவட்டத்துத் தீவனத்தைப் பற்றிய பயனுள்ள நூல் ஒன்று தானே உருவாகும்.